சில்வா - வைட்மன்: அந்தத் தோல்வியும் ரீமேட்சும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2013 ஜூலை 6 அன்று லாஸ் வேகஸில், எம்எம்ஏ என்ற கலப்புத் தற்காப்புக்கலைச் சண்டைகளை நடத்தும் யுஎஃப்சி அமைப்பின் யுஎஃப்சி 162 நிகழ்ச்சியில், அந்த அமைப்பில் அதுவரை தோற்றதே இல்லாத ஆண்டர்சன் சில்வாவை கிறிஸ் வைட்மன் இரண்டாவது ரவுண்டில் நாக்அவுட் செய்தார். அதே வருஷம் டிசம்பர் 28-ல், யுஎஃப்சி 168-ல், இருவரும் மறுபடி மோதினார்கள். அதில் சில்வாவின் இடது கால் முறிந்து சண்டை முடிந்தது. பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும், எம்எம்ஏ பார்க்கிற நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை. கேட்கிற கேள்விகளும் பெரும்பாலும் அதேதான். என் பதில்களை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிடில்வெயிட் பிரிவில் சில்வாவைவிட அழகாகச் சண்டை போட்ட ஒருவரை நான் பார்த்ததில்லை. ஆனாலும் வைட்மன் ஜெயித்தது அதிர்ஷ்டத்தால் இல்லை, இரண்டு தடவையும் இல்லை. சில்வா ரசிகர்கள் பலருக்கு இது பிடிக்காது என்று தெரியும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

தேதி ஜூலை 6-ஆ, 7-ஆ?

லாஸ் வேகஸில் அது சனிக்கிழமை இரவு. நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. அதனால்தான் நம் ஊர்க்காரர்கள் பலர் 7 என்று சொல்கிறார்கள்.

சில்வா தோற்றதற்கு ஏன் இவ்வளவு பெரிய அதிர்ச்சி?

அவர் கையில் இருந்த கணக்கு அப்படி. 2006 ஜூனில் யுஎஃப்சிக்குள் வந்து, முதல் சண்டையில் கிறிஸ் லெபனை 49 விநாடியில் முடித்தார். அதே அக்டோபரில் ரிச் ஃபிராங்க்ளினின் மூக்கை முழங்காலால் உடைத்து மிடில்வெயிட் பெல்ட்டை வாங்கினார். அதற்கப்புறம் 2013 ஜூலை வரை, 2,457 நாள், அந்த பெல்ட்டை யாராலும் வாங்க முடியவில்லை. முதல் சண்டையிலிருந்து எண்ணினால் யுஎஃப்சியில் தொடர்ந்து 16 வெற்றி, 10 தடவை பட்டத்தைத் தக்கவைத்தது. நடுநடுவே ஒரு எடை மேலே போய் லைட் ஹெவிவெயிட்டிலும் அடித்துவிட்டு வந்தார்.

எண்ணிக்கையைவிட ஜெயித்த விதம்தான் ஆளை மயக்கியது. 2009-ல் ஃபாரஸ்ட் கிரிஃபினுடன் நடந்த சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கிரிஃபின் முன்னாள் சாம்பியன், ஆள் ஆறடிக்கும் மேல். சில்வா கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவர் வீசிய குத்தையெல்லாம் இடுப்பிலிருந்து வளைந்து வளைந்து தவறவிட்டு, பின்னால் நகர்ந்துகொண்டே ஒரு சின்ன ஜாப் (முன்கையால் விடும் நேர்குத்து) விட்டார். பார்ப்பதற்குத் தட்டியது மாதிரிதான் இருந்தது, கிரிஃபின் விழுந்துவிட்டார். 2011-ல் விட்டோர் பெல்ஃபோர்ட்டின் தாடைக்கு நேராகக் காலைத் தூக்கி உதைத்தது இன்னொன்று. இப்படிப்பட்ட ஆள் ஒருநாள் கண் சொருகிக் கீழே கிடந்தால் யாருக்குத்தான் அதிர்ச்சியாக இருக்காது?

அப்படியானால் அதுதான் அவருடைய முதல் தோல்வியா?

இல்லை. யுஎஃப்சியில் முதல் தோல்வி, நாக்அவுட்டாகவும் முதல் தோல்வி. அதற்கு முன்னால் வெளியே நாலு தோல்வி இருந்தது. அவற்றில் மூன்று இவை. 2003-ல் ஜப்பானின் பிரைட் போட்டியில் டைஜு டகாசேயிடம், 2004 கடைசி நாளில் ரியோ சோனனிடம் (சோனன் பறந்து வந்து இரண்டு காலாலும் கத்தரிபோலப் பிடித்து, குதிகாலைத் திருகி முடித்த அந்தப் பிடி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது), 2006 தொடக்கத்தில் யூஷின் ஒகாமியிடம் விதிமீறலுக்காகத் தகுதிநீக்கம்.

ஒகாமியுடன் 2011-ல் ரியோவில் மறுபடி மோதி அடித்து முடித்தார். ஃபிராங்க்ளினை இரண்டாவது தடவை அடித்தார், சேல் சன்னனையும் இரண்டாவது தடவை இன்னும் எளிதாக அடித்தார். ஒருதரம் மோதிய ஆளைப் படித்துக்கொண்டு வந்து இரண்டாம் தரம் பிரித்து மேய்வது அவர் வழக்கம். 2013 டிசம்பருக்கு முன்னால் பலரும் அவர்மேல் பணம் கட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த நம்பிக்கை முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

வைட்மன் எங்கிருந்து வந்தார்? யாருக்கும் தெரியாத ஆளா?

பொதுவாகப் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, சண்டை போடுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். நியூயார்க்கில் லாங் ஐலண்ட் பையன், கல்லூரி மல்யுத்தத்தில் ஹாஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழகத்துக்காக இரண்டு முறை ஆல் அமெரிக்கன் (நாட்டின் முன்னணிக் கல்லூரி வீரர்களுக்கான கௌரவம்). ரே லாங்கோ, மேட் செர்ரா இருவரும் கோச். அந்த செர்ராதான் 2007-ல் அப்போதைய வெல்டர்வெயிட் சாம்பியன் ஜார்ஜ் செயின்ட் பியரை நாக்அவுட் செய்து உலகத்தையே திகைக்க வைத்தவர். எம்எம்ஏவின் மிகப்பெரிய இரண்டு அதிர்ச்சிகளிலும் ஒரே கூடாரம்!

சில்வாவுடன் மோதும்போது வைட்மனுக்கு வயது 29, அதுவரை 9 சண்டை, ஒன்பதும் வெற்றி. ஆனால் தோள்பட்டை அறுவை சிகிச்சையால் கிட்டத்தட்ட ஒரு வருஷமாகக் கூண்டுக்குள் இறங்கவில்லை. அந்த இடைவெளியில் சாண்டி புயல் வந்து அவர் வீட்டையும் நாசமாக்கிவிட்டது. இத்தனைக்கும் சண்டைக்கு முன்பே செயின்ட் பியர் உட்படப் பல வீரர்கள் வைட்மன் ஜெயிப்பார் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். வெளியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? சில்வாவைத் தொந்தரவு செய்தவர்கள் எல்லோரும் மல்யுத்தக்காரர்கள். டிராவிஸ் லட்டர், டேன் ஹெண்டர்சன், எல்லாருக்கும் மேலே சன்னன். 2010 ஆகஸ்டில் சன்னன் நாலு ரவுண்டு முழுக்க சில்வாவைத் தரையில் போட்டு 300-க்கும் மேல் அடி அடித்தார். கடைசி ரவுண்டில் இரண்டு நிமிடம்கூட மிச்சமில்லாத நேரத்தில் சில்வா கீழே கிடந்தபடியே காலால் கழுத்தைப் பூட்டி ஜெயித்தார். நல்ல மல்யுத்தமும், அந்த மாதிரிப் பூட்டில் மாட்டாத ஜியு-ஜிட்சுவும் (தரையில் பிடித்துப் பூட்டும் கலை), கூடவே கையில் பலமும் ஒரே ஆளிடம் இருந்தால் என்ன ஆகும் என்பது அன்றே தெரிந்துபோனது. அந்த ஆள்தான் வைட்மன்.

சரி, அந்த நாக்அவுட்டில் உண்மையில் என்ன நடந்தது?

வீடியோவில் கடைசிப் பத்து விநாடியை மட்டும் பார்த்தால், ஒருத்தர் கோமாளித்தனம் செய்தார், வாங்கிக் கட்டிக்கொண்டார் என்றுதான் தோன்றும். முதல் ரவுண்டிலிருந்து பாருங்கள்.

ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே வைட்மன் சில்வாவைக் கீழே தள்ளி, மேலே உட்கார்ந்து நல்ல அடி அடித்தார். அப்புறம் முழங்கால் பூட்டுக்கும் குதிகால் பூட்டுக்கும் முயன்றார், சில்வா தப்பி எழுந்தார். எழுந்த பிறகுதான் சேட்டை ஆரம்பித்தது. கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பது, முகத்தை நீட்டி அடி என்பது, அடி விழாதபோதும் விழுந்ததுபோல் நடிப்பது. நடுவில் நல்ல லோ கிக்குகளும் (எதிராளியின் காலைக் குறிவைக்கும் உதை) விட்டார், அவை வைட்மனின் காலில் உறைத்தன. (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ரீமேட்சில் வரும்.)

ரவுண்டு இடைவேளையில் லாங்கோ சொன்னதன் சாரம்: தலையைத் துரத்தாதே, நெஞ்சில் ஓட்டை போடு. இது எவ்வளவு சரியான யோசனை என்று பாருங்கள். சில்வாவின் தற்காப்பு மொத்தமும் தலையை நகர்த்துவதில் இருக்கிறது. நெஞ்சு அவ்வளவு வேகமாக நகராது. நெஞ்சைக் குறிவைத்து முன்னே வருகிறவன் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வருவான், பின்னால் சாய்கிறவனுக்குச் சாய இடம் தீர்ந்துகொண்டே போகும்.

இரண்டாவது ரவுண்டில் ஒரு குத்து பட்டதும் சில்வா கால் தள்ளாடுவதுபோல் நடித்தார். வைட்மன் நிற்கவில்லை, அடுத்தடுத்துக் குத்தி முன்னேறினார். வலது கையால் ஒன்று, இடது கையால் ஒன்று. வழக்கமான கணக்கின்படி அடுத்ததாக வலது நேர்குத்து வர வேண்டும். அதற்குப் பதில் வலது கையைப் புறங்கையாக விசிறினார். அதில் பலமே இல்லை, ஆனால் தாளம் தப்பிவிட்டது. சில்வா அதற்கும் சேர்த்துப் பின்னால் சாய்ந்தார். இதற்குமேல் சாய முடியாது என்கிற அளவுக்கு உடம்பு வளைந்து, இரண்டு பாதமும் ஒரே கோட்டுக்கு வந்துவிட்டது. அந்த நொடியில் இடது ஹுக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) முழு நீளத்துக்கு வந்து தாடையில் இறங்கியது. சில்வா கண் நிலைகுத்தி மல்லாக்க விழுந்தார், கீழே மேலும் சில அடி, நடுவர் ஹெர்ப் டீன் பாய்ந்து நிறுத்தினார். நேரம் 1:18.

நாலு குத்தில் மூன்று படவில்லை. ஆனால் அந்த மூன்றும்தான் நாலாவதுக்கு இடம் செய்து கொடுத்தன.

கேலி செய்யாமல் ஒழுங்காகச் சண்டை போட்டிருந்தால் சில்வா ஜெயித்திருப்பார் இல்லையா?

எல்லாரும் கேட்பது இதைத்தான், என் பதில் 'இல்லை'. கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

சில்வாவின் கேலியை அவருடைய சண்டையிலிருந்து தனியாகப் பிரித்து எடுக்க முடியாது. அவர் இயல்பிலேயே எதிர்த்தாக்குதல் வீரர். எதிராளி வந்தால்தான் அவருக்கு வேலை. வராதவனை வரவைக்கத்தான் கையைத் தொங்கப்போடுவது, முகத்தை நீட்டுவது எல்லாம். ஆத்திரத்தில் எதிராளி நீளமாக ஒரு குத்து வீசுவான், அது காற்றில் போகும், பதிலடி அவன் முகத்தில் இறங்கும். கிரிஃபினுக்கு நடந்தது இதுதான். எதிராளி வரவே இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு 2010-ல் அபுதாபியில் டெமியன் மாயாவுடன் நடந்த சண்டை சாட்சி. ஐந்து ரவுண்டும் ஆடிப்பாடிக் கழிந்தது, கூட்டம் கூச்சல் போட்டது, யுஎஃப்சி தலைவர் டானா வைட் பகிரங்கமாகக் கோபப்பட்டார். அன்று அவர் செய்ததும் 2013-ல் செய்ததும் ஒன்றுதான். ஜெயித்தபோது மேதை என்றோம், தோற்றபோது திமிர் என்கிறோம்.

வைட்மனிடம் அது ஏன் பலிக்கவில்லை? ஒன்று, அவர் ஆத்திரப்படவில்லை. இரண்டு, இருவருக்கும் கை நீளத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை, அதனால் சில்வா வழக்கமாக விட்டுவைக்கும் இடைவெளி இந்தத் தடவை போதவில்லை. மூன்றுதான் முக்கியம்: கீழே தள்ளிவிடுவார் என்ற பயம். முதல் ரவுண்டில் ஒருதரம் தரைக்குப் போய் அடிவாங்கிய பிறகு, இடுப்பையும் காக்க வேண்டும், தாடையையும் காக்க வேண்டும் என்ற நிலை வந்துவிடுகிறது. என் பார்வையில் அன்றைய சேட்டை வழக்கத்தைவிட அதிகமானதற்கே காரணம் அதுதான். இந்த ஆளை எப்படியாவது நின்று குத்துப்போட வைக்க வேண்டும் என்ற அவசரம் அதில் தெரிந்தது.

இதற்கெல்லாம் மேலே ஒரு ஆதாரம் இருக்கிறது. ரீமேட்சில் சில்வா கேலி எதுவும் செய்யவில்லை. கையை மேலே வைத்துக்கொண்டு ஒழுங்காக வந்தார். முதல் ரவுண்டிலேயே அடிவாங்கி விழுந்தார்.

வேண்டுமென்றே தோற்றார், ஃபிக்ஸிங் என்கிறார்களே?

இதில் நேரம் செலவழிக்க வேண்டாம். சில்வா ஜெயித்திருந்தால் அடுத்தது லைட் ஹெவிவெயிட் சாம்பியன் ஜான் ஜோன்ஸுடனோ செயின்ட் பியருடனோ ஒரு மாபெரும் சண்டை என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கும் கம்பெனிக்கும் பணம் அங்கேதான் இருந்தது. அதை விட்டுவிட்டு யாராவது இவரைத் தோற்கச் சொல்வார்களா? மேலும், தாடையில் வாங்கி நினைவிழந்து விழுவதை நடித்துக்காட்ட முடியாது. அந்த வீடியோவை மெதுவாக ஓட்டி அவர் கண்ணைப் பாருங்கள், போதும்.

சாம்பியன் தோற்றால் உடனே ரீமேட்ச் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறதா?

அப்படி எழுதிவைத்த விதி எதுவும் கிடையாது. யுஎஃப்சி நினைத்தால் உண்டு, நினைக்காவிட்டால் இல்லை. நீண்ட நாள் சாம்பியனாக இருந்தவர் தோற்றால் பெரும்பாலும் உடனே கொடுக்கிறார்கள், காரணம் நியாயமும் பணமும் கலந்தது. யுஎஃப்சி 168-ஐ அமெரிக்காவில் காசு கட்டிப் பார்த்த கணக்கு பத்து லட்சத்தைத் தாண்டியதாகச் செய்தி வந்தது. கம்பெனி அதை விடுமா?

வரிசையில் காத்திருந்தவருக்கு இதில் அநியாயம் நடந்தது உண்மை. பெல்ஃபோர்ட் அந்த ஒரே வருஷத்தில் பிஸ்பிங், ராக்ஹோல்ட், ஹெண்டர்சன் என்று மூன்று பேரைத் தலையில் உதைத்தே சாய்த்திருந்தார். அவருடைய ஹார்மோன் சிகிச்சை விவகாரம் வேறு கதை, ஆனால் மேடையில் காட்டியதை வைத்துப் பார்த்தால் அடுத்த வாய்ப்பு அவருக்கு வந்திருக்க வேண்டும்.

அப்படியானால் ரீமேட்ச் வைத்ததே தப்பா?

வைத்தது தப்பில்லை, அவ்வளவு சீக்கிரம் வைத்ததுதான் தப்பு. தோற்ற அன்று கூண்டுக்குள்ளேயே சில்வா என்ன சொன்னார் என்று பாருங்கள். களைத்துவிட்டேன், இனி பெல்ட்டுக்காகச் சண்டை போட மாட்டேன் என்ற அர்த்தத்தில் பேசினார். சில நாளில் மனசு மாறி, அல்லது மாற்றப்பட்டு, டிசம்பர் தேதி அறிவித்தாகிவிட்டது. 38 வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாக நினைவிழந்து விழுந்த ஒருவருக்கு, அதே ஆளுடன், ஆறு மாதத்துக்குள்.

செயின்ட் பியர் என்ன செய்தார்? 2007 ஏப்ரலில் செர்ராவிடம் தோற்றார். செர்ராவின் அடுத்த சண்டை மேட் ஹியூஸுடன் என்று முடிவாகியிருந்ததால் உடனே மோத வழியில்லை, அந்தச் சண்டையும் செர்ராவின் முதுகுக் காயத்தால் நடக்கவில்லை. இடையில் ஜாஷ் காஸ்செக்கை அடித்தார், மேட் ஹியூஸை அடித்தார், தோல்வியின் வலி குறைந்து உடம்பில் நம்பிக்கை திரும்பிய பிறகு 2008 ஏப்ரலில் மான்ட்ரியாலில் செர்ராவைச் சந்தித்தார். ஒருதலையாக முடிந்தது. அதற்கப்புறம் வருஷக்கணக்கில் பெல்ட் அவரிடம்தான்.

உடனே மோதி ஜெயித்தவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. இஸ்ரேல் அடேசான்யா 2022 நவம்பரில் அலெக்ஸ் பெரேராவிடம் தோற்று, 2023 ஏப்ரலில் அவரையே நாக்அவுட் செய்தார். ஆனால் அடேசான்யா அந்தத் தோல்வியில் கடைசி ரவுண்டு வரை புள்ளியில் முன்னணியில் இருந்தவர், எதைத் திருத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கமாரு உஸ்மானும் அப்படித்தான், கடைசி நிமிடம்வரை முன்னணியில் இருந்து லியான் எட்வர்ட்ஸின் ஒரு உதையில் விழுந்தார். ஏழு மாதம் கழித்து லண்டனில் மோதியபோது அவரால் திரும்ப வாங்க முடியவில்லை. ஆக, ஒரே சூத்திரம் எல்லாருக்கும் பொருந்தாது. சில்வா முதல் சண்டையில் எந்த நேரத்திலும் முன்னணியில் இல்லை. அப்படித் தோற்றவருக்கு நடுவில் ஒரு சண்டை கொடுத்திருக்க வேண்டும்.

ரீமேட்சில் கால் உடைந்தது வெறும் விபத்துதானே?

உடைந்தது விபத்து. உடைவதற்கு வழிசெய்த அந்தத் தடுப்பு விபத்து இல்லை.

முதல் சண்டையில் லோ கிக் உறைத்தது என்று சொன்னேன் அல்லவா? வைட்மன் அதை மறக்கவில்லை. லாங்கோவுடன் சேர்ந்து அந்த உதையைத் தடுப்பதையே தனியாகப் பயிற்சி செய்தார். செய்யும் முறை எளிமையாகத் தெரியும். உதை வரும்போது முன்காலைத் தூக்கி, முழங்காலைக் கொஞ்சம் திருப்பி, வருகிற காலை முழங்காலுக்குச் சற்றுக் கீழே வாங்க வேண்டும். அந்த இடத்தில் கணைக்கால் எலும்பு தடிமனானது, மூட்டும் சேர்ந்து பாறைபோல் நிற்கும். உதைக்கிறவனின் காலிலோ, கணுக்காலுக்கு மேலே இருக்கும் மெலிந்த பகுதி வந்து அதில் மோதும். பெரும்பாலும் வலியோடு போகும், உதைத்தவன் அடுத்த உதைக்கு யோசிப்பான். சில சமயம் எலும்பு தாங்காது.

இரண்டாவது ரவுண்டில் 1:16-ல் நடந்தது அதுதான். சில்வா குத்து எதையும் முன்னால் விடாமல் வெறும் இடது காலை வீசினார். குத்து விட்டுவிட்டு உதைத்தால் எதிராளியின் கவனம் மேலே போயிருக்கும், காலைத் தூக்க நேரம் இருக்காது. வெறும் உதையாக வந்ததால் வைட்மன் அதைப் பார்த்தார், முழங்காலைத் தூக்கினார். சில்வாவின் முழங்காலுக்குக் கீழே இருக்கும் இரண்டு எலும்பும் முறிந்து, காலை ஊன்றியபோது அது மடங்கியது. அவர் போட்ட அலறலை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போய், எலும்புக்குள் டைட்டானியம் கம்பி வைத்து அறுவை சிகிச்சை செய்தார்கள்.

இதே மாதிரி 2008-ல் கோரி ஹில்லுக்கும் யுஎஃப்சியில் கால் முறிந்திருந்தது. அரிதுதான், ஆனால் இந்தத் தடுப்பில் இப்படியும் ஆகலாம் என்பது தெரிந்ததே. வைட்மன் ஆளை ஊனமாக்க நினைத்தார் என்று யாரும் சொல்ல முடியாது, காலைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்றுதான் நினைத்தார். அதற்கான பலன் கிடைத்தது.

கால் உடையாமல் இருந்திருந்தால்?

என் கணிப்பு, வைட்மன்தான். முதல் ரவுண்டை யாரும் பேசுவதில்லை, கால் உடைந்த காட்சி மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. அந்த ரவுண்டில் ஆரம்பத்திலேயே டேக்டவுன் (கீழே தள்ளுவது), அப்புறம் கட்டிப்பிடித்து நிற்கும்போது வலது கையால் கிட்டத்திலிருந்து ஒரு அடி, சில்வா கால் துவண்டு விழுந்தார். கீழே விழுந்தவர்மேல் வைட்மன் கொட்டிய அடியைப் பார்த்து ஆட்டம் முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். சில்வா கீழேயிருந்தபடி முழங்கையால் திருப்பி அடித்துத் தாக்குப்பிடித்தார். அவர் மனத்திடத்துக்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

எதிர்த்தரப்பில் சொல்ல ஒன்று உண்டு, நியாயமானதும்கூட: சன்னனிடம் நாலு ரவுண்டு தோற்றும் ஐந்தாவதில் ஜெயித்தவர் அவர், இன்னும் கிட்டத்தட்ட மூன்றே முக்கால் ரவுண்டு மிச்சம் இருந்தது. ஆமாம், இருந்தது. அந்த ஒரு வாய்ப்பை சில்வாவுக்கு எப்போதும் ஒதுக்கிவைக்கத்தான் வேண்டும். ஆனால் இரண்டு சண்டையையும் சேர்த்து நடந்த நாலு ரவுண்டில் ஒன்றைக்கூட அவர் பக்கம் என்னால் எழுத முடியவில்லை.

மூன்றாவது சண்டை ஏன் வரவில்லை?

கால் குணமாக ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. 2015 ஜனவரி 31-ல் நிக் டியாஸுடன் திரும்பி வந்து ஜெயித்தார், வந்ததும் கூண்டுக்குள்ளேயே அழுதார். ஆனால் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினார். டிரோஸ்டனலோன் என்ற ஸ்டீராய்டு. நெவாடா ஆணையம் ஒரு வருஷம் தடை போட்டது, வெற்றியும் செல்லாது என்றானது. அவர் திரும்பியபோது 2016, வைட்மனிடம் பெல்ட் இல்லை. இருவரையும் சேர்த்து வைக்கக் காரணமே போய்விட்டது.

அந்த ஊக்கமருந்து விஷயம் பழைய வெற்றிகளையும் கெடுத்துவிடுகிறதா?

பிடிபட்டது 2015-ல். அதை வைத்து 2009-ல் நடந்ததை அழிக்க என்னிடம் ஆதாரம் இல்லை, யாரிடமும் இல்லை. அதே சமயம் அது நடக்கவே இல்லை என்பதுபோல் கடந்துபோகவும் முடியாது, எனக்கு அது வலித்த செய்தி. மற்ற வீரர்கள் மாட்டினால் கிழித்துத் தொங்கவிடுகிறோம், சில்வாவுக்கு மட்டும் சலுகை கேட்பது நியாயமில்லை.

வயதுதானே காரணம்? இளமையில் மோதியிருந்தால்?

வயதுக்குப் பங்கு உண்டு. 38-ல் கண்ணும் காலும் 31-ல் இருந்தமாதிரி இருக்காது, பின்னால் சாய்ந்து தப்பிக்கிற பாணிக்கு அந்த அரை விநாடிதான் உயிர். அதற்கப்புறம் யுஎஃப்சியில் செல்லுபடியான வெற்றி அவருக்கு ஒன்றே ஒன்று, 2017-ல் டெரிக் பிரன்சனுக்கு எதிராக. பிஸ்பிங், கார்மியர், அடேசான்யா, கனோனியர், கடைசியாக 2020-ல் யூரையா ஹால் என்று மற்றதெல்லாம் தோல்வி. ஆனால் வைட்மனிடம் தோற்பதற்கு ஒன்பது மாதத்துக்கு முன்புகூட ஸ்டீபன் போனரை ஒரே ரவுண்டில் முடித்தபோது வயதைப் பற்றி யாரும் பேசவில்லை. வயது என்ற காரணத்தைத் தோல்விக்கு அப்புறம்தான் கண்டுபிடிக்கிறோம்.

வைட்மனும் அப்புறம் ஒன்றும் சாதிக்கவில்லையே?

லியோட்டோ மச்சிடாவை ஐந்து ரவுண்டு மோதி வென்றார், பெல்ஃபோர்ட்டை முதல் ரவுண்டிலேயே முடித்தார். மூன்று தடவை பெல்ட்டைத் தக்கவைத்தவரை ஒன்றும் சாதிக்காதவர் என்பது அநியாயம். 2015 டிசம்பரில் லூக் ராக்ஹோல்டிடம் தோற்ற பிறகு சரிவு ஆரம்பித்தது, காயம்மேல் காயம். சில்வாமாதிரி ஏழு வருஷம் நிற்கவில்லை என்பது சரி. ஆனால் யார் பெரிய வீரர் என்பது ஒரு கேள்வி, அந்த இரண்டு இரவும் யார் நன்றாக மோதினார் என்பது வேறு கேள்வி. முதலாவதுக்கு என் பதில் சில்வா, தயங்காமல். இரண்டாவதுக்கு வைட்மன்.

வைட்மனுக்கும் அதேமாதிரி கால் உடைந்தது உண்மையா?

உண்மை. 2021 ஏப்ரல் 24, ஜாக்சன்வில்லில் யுஎஃப்சி 261. எதிரில் சில்வாவைக் கடைசியாக யுஎஃப்சியில் தோற்கடித்த அதே யூரையா ஹால். முதல் உதையை ஹால் தடுத்தார், வைட்மனின் வலது கால் சில்வாவுக்கு உடைந்தபடியே உடைந்தது. 17 விநாடியில் முடிந்தது. இதைச் சிலர் கர்மா என்று எழுதினார்கள், படிக்கவே எரிச்சலாக இருந்தது. வைட்மன் செய்தது சட்டப்படியான ஒரு தடுப்பு, அதற்கு எதற்குத் தண்டனை? சில்வாவே அப்போது வைட்மன் குணமாக வேண்டும் என்று செய்தி போட்டார். பல அறுவை சிகிச்சைக்குப் பிறகு 2023 ஆகஸ்டில் வைட்மன் மறுபடி கூண்டுக்குள் வந்தார்.

இதையெல்லாம் பார்க்காதவர்கள் எந்தச் சண்டையிலிருந்து ஆரம்பிக்கலாம்?

முதலில் கிரிஃபின், சில்வா என்றால் என்ன என்பது மூன்றே நிமிடத்தில் புரிந்துவிடும். அப்புறம் சன்னனுடன் நடந்த முதல் சண்டை, நடுவில் தள்ளிவிடாமல் ஐந்து ரவுண்டும். அதைப் பார்த்த கையோடு யுஎஃப்சி 162, முதல் ரவுண்டை விடாமல். யுஎஃப்சி 168-ல் முதல் ரவுண்டை மட்டும் பாருங்கள். இரண்டாவது ரவுண்டு ஆரம்பித்ததும் நிறுத்திவிடலாம், அதில் என்ன நடந்தது என்று மேலே எழுதிவிட்டேன், அந்த ரீப்ளேயைப் பார்த்துத் தெரிந்துகொள்ள அதில் கூடுதலாக எதுவும் இல்லை.